கயிறு என்று தெரிந்த பிறகும் கையில் கம்பு

அத்வைதத்தைப் பற்றிப் பேசுகிறவர்களைப் பெரும்பாலும் இரண்டு வகையாகப் பிரித்துவிடலாம். ஒரு சாராருக்கு அது மனித சிந்தனையின் உச்சம். குவாண்டம் இயற்பியல் இன்றைக்குத் தட்டுத் தடுமாறிக் கண்டுபிடிப்பதை சங்கரர் அன்றைக்கே சொல்லிவிட்டார். இன்னொரு சாராருக்கு அது சாதியத்தின் தத்துவ முகமூடி. ‘எல்லாம் மாயை’ என்று சொல்லி அடுத்தவன் பசியையும் மாயையாக்கிவிட்ட தந்திரம். இரண்டு தரப்பிலும் பெரும்பாலானவர்கள் சங்கரரின் பாஷ்யத்தில் பத்துப் பக்கம்கூடப் படித்திருக்க மாட்டார்கள் என்பது என் சந்தேகம். மூன்று நிமிட வீடியோவில் கேட்ட அத்வைதத்தை ஒருவர் தூக்கிப் பிடிக்க, அதே மூன்று நிமிட அத்வைதத்தை இன்னொருவர் போட்டு உடைக்கிறார்.

நான் இங்கே செய்ய நினைப்பது சின்ன வேலைதான். அத்வைதத்தின் பலம் எது, எல்லை எது என்று பார்ப்பது. அதற்கு வெளியிலிருந்து ஒரு அளவுகோலைக் கொண்டுவரப் போவதில்லை. அத்வைதிகள் காலம்காலமாகக் கையில் வைத்திருக்கும் உதாரணமே போதும்: கயிறும் பாம்பும்.

மங்கலான வெளிச்சத்தில் வழியில் கிடக்கும் கயிற்றைப் பார்த்து ஒருவன் பாம்பு என்று பயப்படுகிறான். விளக்கு வருகிறது. கயிறு என்று தெரிகிறது. இந்தக் கதையைக் கேட்காதவர்கள் இருக்க மாட்டீர்கள். நாம் அதிகம் கவனிக்காதது அதற்கடுத்த கணத்தை. பாம்பை அடிக்க ஓங்கிய கம்பை அவன் கீழே போட்டுவிடுகிறான். ‘தத்துவப்படி இது கயிறுதான், ஆனாலும் நடைமுறையில் நாலு போடு போட்டுவிடுகிறேன்’ என்று யாரும் சொல்வதில்லை. அறிவு கண்ணோடு நிற்காமல் கை வரைக்கும் வந்து சேர்கிறது. என் கேள்வி முழுக்க அந்தக் கம்பைப் பற்றியதுதான்.

*

முதலில் பலம்.

பிரம்ம சூத்திரத்துக்கு எழுதிய பாஷ்யத்தை சங்கரர் கடவுளிலிருந்து தொடங்கவில்லை. வேத வாக்கியத்திலிருந்தும் தொடங்கவில்லை. நாம் ஒவ்வொரு நாளும் செய்யும் ஒரு குளறுபடியிலிருந்து தொடங்குகிறார். முன்னுரை போல அமைந்த அந்தப் பகுதிக்கு அத்யாஸ பாஷ்யம் என்று பெயர். அத்யாஸம் என்றால் ஒன்றின் மேல் இன்னொன்றை ஏற்றிப் பார்ப்பது. ‘நான்’ என்று அறிகிறவனும், அவனால் அறியப்படும் பொருளும் வெளிச்சமும் இருட்டும் போல. இரண்டையும் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்ள வாய்ப்பே இல்லை என்று ஒரு ஆட்சேபத்தை முதலில் அவரே எழுப்புகிறார். பிறகு, வாய்ப்பில்லைதான், ஆனாலும் எல்லோரும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம் என்கிறார். உடம்பு பெருத்தால் ‘நான் குண்டாகிட்டேன்’ என்கிறோம். பார்வை போனால் ‘நான் குருடன்’. பிள்ளைக்கு ஒன்று என்றால் ‘எனக்கே வந்த மாதிரி இருக்கு’.

அடுத்து வருவது எனக்கு மிகவும் பிடித்த இடம். கம்பை ஓங்கியபடி ஒருவன் வந்தால் மாடு விலகி ஓடும். கை நிறையப் பச்சைப் புல்லோடு வந்தால் கிட்டே போகும். சாஸ்திரம் கற்ற பண்டிதன் முன்னால் வாளை உருவிக்கொண்டு ஒரு முரடன் வந்தால் பண்டிதன் என்ன செய்வான்? அதையேதான். இந்த விஷயத்தில் பண்டிதனுக்கும் பசுவுக்கும் வித்தியாசம் இல்லை என்கிறார் சங்கரர். பண்டிதர்களுக்காகப் பண்டிதர் ஒருவர் எழுதிய நூலின் ஆரம்பப் பத்திகளில் இது இருக்கிறது. இன்றைக்கும் கொஞ்சம் சிரிப்பு வருகிறது, கொஞ்சம் சுடவும் செய்கிறது.

அத்தோடு அவர் நிற்கவில்லை. கண், காது முதல் சாஸ்திரம் வரை எல்லா அறிதல் கருவிகளுமே அவித்யையில் இருப்பவனுக்கானவை என்கிறார். ‘பிராமணன் யாகம் செய்ய வேண்டும்’ போன்ற விதிகள் செயல்படுவதே, ஆத்மாவின் மேல் வர்ணம், ஆசிரமம், வயது, நிலை இவற்றையெல்லாம் ஏற்றிவைத்த பிறகுதான். இந்த வரியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். வர்ணம் ஒரு ஏற்றப்பட்ட பொருள், கயிற்றின் மேல் பாம்பைப் போல. இதைச் சொல்வது சங்கரரின் எதிரி அல்ல, சங்கரரே.

நான்காம் அத்தியாயத்தில் இன்னும் ஒரு படி போகிறார். எல்லாம் ஒன்று என்ற ஞானம் வந்துவிட்டால் சுருதியும் இல்லாமல் போய்விடுமே என்று கேள்வி வருகிறது. போகட்டும், அது எங்களுக்குச் சம்மதம் என்பது பதில். அதற்கு அவர் துணைக்கு அழைப்பது பிருகதாரண்யக உபநிடதத்தை. அந்த நிலையில் தந்தை தந்தை அல்ல, வேதங்கள் வேதங்கள் அல்ல என்று சொல்லும் இடம் அது. அதே பகுதியில் சண்டாளன் சண்டாளன் அல்ல என்றும் வருகிறது.

தான் நிற்கும் ஆதாரத்தையே கடைசியில் கழித்துவிடச் சம்மதிக்கும் தத்துவங்கள் அதிகம் இல்லை. அத்வைதத்தின் நிஜமான பலம் இந்தக் கழித்தல்தான். எங்கள் துறையில் ஆட்குறைப்பு நடக்கும் மாதங்களில் இதை நேரடியாகப் பார்க்கலாம். வேலை போகிறவர்கள் சம்பளத்தை மட்டும் இழப்பதில்லை. பத்து வருடமாக ‘நான்’ என்று சொன்னபோதெல்லாம் அவர்கள் உச்சரித்தது அடையாள அட்டையில் இருந்த பதவியைத்தான். அட்டை போனதும் ‘நான்’ என்று சொல்ல ஆள் இல்லை. இதற்கு ஆயிரம் வருடத்துக்கும் முன்பே துல்லியமாக ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். அத்யாஸ பாஷ்யம் யாருக்கும் ஆறுதல் சொல்வதில்லை. நோய் எங்கே இருக்கிறது என்று தொட்டுக் காட்டுகிறது. எனக்கு அது ஆறுதலைவிடப் பெரிய உதவியாகத் தெரிகிறது.

*

இனி எல்லை.

அத்வைதத்தின் மேல் வைக்கப்பட்ட புகழ்பெற்ற ஆட்சேபம் ராமானுஜருடையது. ஸ்ரீபாஷ்யத்தில் அவித்யைக் கொள்கைக்கு எதிராக ஏழு பொருந்தாமைகளை அடுக்குகிறார். அதில் முதலாவது, இந்த அவித்யை இருப்பது யாரிடம் என்ற கேள்வி. ஜீவனிடம் என்றால், ஜீவன் என்று ஒருவன் தனியாகத் தோன்றுவதே அவித்யையால்தானே? பிரம்மத்திடம் என்றால், அறிவே வடிவான பிரம்மத்தில் அறியாமை எப்படித் தங்கும்? அத்வைதிகளே இதில் இரண்டாகப் பிரிந்தார்கள். வாசஸ்பதி மிஸ்ரரின் வழியில் வந்த பாமதிப் பிரிவு ஜீவனிடம் என்றது. பிரகாசாத்மனின் வழியில் வந்த விவரணப் பிரிவு பிரம்மத்திடம் என்றது. அவித்யையை ‘உள்ளது’ என்றும் சொல்ல முடியாது, ‘இல்லாதது’ என்றும் சொல்ல முடியாது, அது அநிர்வசனீயம் என்பது இரு பிரிவுக்கும் பொதுவான பதில்.

இதை அத்வைதத்தின் பெரிய தோல்வி என்று நான் நினைக்கவில்லை. எந்தத் தத்துவ அமைப்பிலும் ஏதோ ஒரு இடத்தில் ஒரு திருகாணி தளர்ந்துதான் இருக்கும். எல்லாமே இறைவனின் சித்தம் என்றால் தீமை எங்கிருந்து வந்தது என்ற கேள்வி பக்தி மார்க்கத்துக்கு இருக்கிறது. எல்லாமே மூளையின் மின்சாரம் என்றால் வலி ஏன் வலிக்கிறது என்ற கேள்வி பொருள்முதல்வாதத்துக்கு இருக்கிறது. எனக்குப் பிரச்சினை அறியாமையின் முகவரியில் இல்லை. தளங்களுக்கு நடுவே நடக்கும் போக்குவரத்தில் இருக்கிறது.

அத்வைதம் உண்மையை அடுக்குகளாகப் பார்க்கிறது. கயிற்றில் தெரியும் பாம்பு பிராதிபாசிகம், வெறும் தோற்றம். கயிறும் தெருவும் நாமும் வியாவகாரிகம், நடைமுறை உண்மை. பிரம்மம் மட்டும் பாரமார்த்திகம், இறுதி உண்மை. மென்பொருளிலும் நாங்கள் எல்லாவற்றையும் அடுக்கடுக்காகத்தான் கட்டுகிறோம். மேல் அடுக்கிலிருந்து கீழ் அடுக்குக்கு எது போகலாம், எது போகக்கூடாது என்று தெளிவாக ஒரு ஒப்பந்தம் இருக்கும். அது எழுதப்படாத இடத்தில் ஏதாவது உடைந்தால் ஒவ்வொரு குழுவும் சொல்வது ஒன்றுதான்: ‘எங்க பக்கம் எல்லாம் கரெக்டா இருக்கு, அந்த லேயர்ல போய்ப் பாருங்க.’

அத்வைதத்தில் இந்த ஒப்பந்தம் தெளிவாக எழுதப்படவில்லை என்பதே என் குற்றச்சாட்டு. துன்பம் ஏன் என்று கேட்டால் மேல் தளத்திலிருந்து பதில் வருகிறது: உண்மையில் துன்பமே இல்லை. சரி, அப்படியானால் பேதமும் இல்லையே, ஏன் காப்பாற்றுகிறீர்கள் என்று கேட்டால் கீழ் தளத்திலிருந்து பதில் வருகிறது: நடைமுறையில் பேதம் உண்டு. எந்தக் கேள்விக்கு எந்தத் தளத்திலிருந்து பதில் வரும் என்பதைத் தீர்மானிப்பது கேட்கிறவன் அல்ல, பதில் சொல்கிறவன்.

இதற்கு உதாரணத்தை அக்கம்பக்கத்தில் தேட வேண்டாம். அதே பாஷ்யத்திலேயே இருக்கிறது. முதல் அத்தியாயம், மூன்றாம் பாதம், 34 முதல் 38 வரையிலான சூத்திரங்கள். அபசூத்ராதிகரணம் என்று பெயர். சூத்திரனுக்கு வேதவழி பிரம்ம வித்தையில் அதிகாரம் உண்டா என்பது கேள்வி. சாந்தோக்ய உபநிடதத்தில் ஜானஸ்ருதி என்ற அரசன் மாடுகளும் ரதமும் கொண்டுபோய் ரைக்வரிடம் உபதேசம் கேட்கிறான். ரைக்வர் அவனை ‘சூத்திரனே’ என்று அழைக்கிறார், கடைசியில் உபதேசமும் செய்கிறார். அப்படியானால் சூத்திரனுக்கு அதிகாரம் உண்டுதானே? இல்லை, அந்தச் சொல் இங்கே சாதியைக் குறிக்கவில்லை, சோகத்தால் தாக்கப்பட்டவன் என்று பொருள் என்கிறது பாஷ்யம். 38ஆவது சூத்திரத்தில், வேதத்தைக் கேட்கும் சூத்திரனின் காதில் ஈயத்தையும் அரக்கையும் ஊற்றச் சொல்லும் ஸ்மிருதி வாக்கியம் ஆதாரமாக எடுத்தாளப்படுகிறது. விதுரர், தர்மவியாதர் போன்றவர்களுக்கு ஞானம் வந்ததே என்றால், அது முன்பிறவி சம்ஸ்காரம். மற்றபடி இதிகாச புராணங்கள் நான்கு வர்ணத்துக்கும் பொது.

சங்கரருக்கு நியாயமாக இருக்க வேண்டும் என்றால் ஒன்றைச் சொல்ல வேண்டும். விலக்கு சூத்திரத்திலேயே இருக்கிறது, அவர் கண்டுபிடித்ததல்ல. உரைகாரர் மூலத்தை மீற முடியுமா? முடியும், மீறியிருக்கிறார். ஆனந்தமய அதிகரணத்தில் சூத்திரங்களின் நேர்ப்பொருளை முதலில் சொல்லிவிட்டு, அது தன் தத்துவத்தோடு ஒத்துப்போகவில்லை என்பதால் வேறு பொருளை முன்வைக்கிறார். பிரம்மத்தின் இலக்கணம் என்று வந்தால் சூத்திரத்தை வளைக்கத் தெரிந்த கை, மனிதர்களின் காது என்று வரும்போது வளைக்கவில்லை. முன்னுரையில் வர்ணம் அத்யாஸம் என்று எழுதியதும் அதே கை.

*

அத்வைதிகளிடம் இதற்கு ஒரு நல்ல பதில் இருக்கிறது, அதைத் தவிர்த்துவிட்டுப் போவது நியாயமில்லை. கயிற்றுப் பாம்பு விளக்கு வந்ததும் மறைந்துவிடும். உலகம் அப்படி மறைவதில்லை. அது கானல் நீரைப் போல. பொய் என்று தெரிந்த பிறகும் தோன்றிக்கொண்டேயிருக்கும். குயவன் கையை எடுத்த பிறகும் சக்கரம் கொஞ்ச நேரம் சுற்றுவது போல ஞானியின் உடலும் வாழ்வும் தொடரும். ஆகவே ஞானத்துக்குப் பிறகும் நடைமுறை நடைமுறையாகவே இருக்கும்.

ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் கானல் நீர் என்று தெரிந்தவன் குடத்தைத் தூக்கிக்கொண்டு அதை நோக்கி ஓடுவானா? தோற்றம் தொடரலாம், அதை நம்பிச் செய்த காரியம் தொடர்வதில்லை. எந்த உதாரணத்தை எடுத்தாலும் அறிவு கையை மாற்றுகிறது. வர்ணம் என்று வரும்போது மட்டும் ‘கை தன் பாட்டுக்கு இருக்கட்டும்’ என்றால் அது அத்வைதத்தின் விதி அல்ல, அத்வைதத்துக்குச் செய்யப்பட்ட விதிவிலக்கு. சங்கரர் பெயரில் வழங்கும் தத்வோபதேசம் என்ற சிறு நூலில், அத்வைதம் எப்போதும் உணர்வில் இருக்கட்டும், செயலில் ஒருபோதும் வேண்டாம் என்ற பொருளில் ஒரு செய்யுள் உண்டு. அங்கே பேச்சு குருவுக்குக் காட்ட வேண்டிய மரியாதையைப் பற்றியது, அது உண்மைதான். ஆனால் விதிவிலக்கின் வடிவத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

இந்த முரணை முதலில் சுட்டிக்காட்டியவர்களில் ஒருவர் நவீன விமர்சகர் அல்ல. மறுபடியும் ராமானுஜர்தான், அதே அபசூத்ராதிகரணத்தில். பந்தம் பொய், அதை அறிவு ஒன்றே நீக்கும், அந்த அறிவு ஒரு வாக்கியத்தின் பொருளைப் புரிந்துகொண்டாலே வரும் என்று நீங்கள் சொல்கிறீர்கள். அப்படியென்றால் விஷயம் தெரிந்த ஒருவர் வேதத்துக்கு வெளியே, சாதாரணப் பேச்சில் சொன்னாலும் சூத்திரனுக்கு அது வந்துவிடுமே, அவனை நீங்கள் எப்படித் தடுப்பீர்கள் என்று கேட்கிறார். பிரமாதமான கேள்வி. ஆனால் அவர் இதைக் கேட்பது கதவைத் திறப்பதற்காக அல்ல. என் வழியில் உபாசனை தேவை, உபாசனைக்கு வேத அதிகாரம் தேவை, அதனால் என் தத்துவத்தில்தான் இந்தத் தடை ஒழுங்காக நிற்கும் என்று காட்டுவதற்காக. எதிராளியின் குறையாக அவர் சொன்னது, உண்மையில் எதிராளியின் மிகப் பெரிய சாத்தியம்.

அந்தச் சாத்தியத்தைத் தமிழில் சிலர் ஓசையில்லாமல் நடத்திக் காட்டினார்கள். தாண்டவராய சுவாமிகளின் கைவல்ய நவநீதம் குருவும் சீடனும் பேசிக்கொள்ளும் வடிவில் அமைந்த தமிழ் அத்வைத நூல். அதைப் படிக்கப் பூணூலும் வேண்டாம், சம்ஸ்கிருதமும் வேண்டாம். காரைக்குடிக்குப் பக்கத்தில் உள்ள கோவிலூர் மடத்தில் வேதாந்தத்தைத் தமிழிலேயே பாடம் சொன்னார்கள். ராமானுஜர் ‘அப்படியானால் பேச்சுமொழியில் கேட்டாலே போதுமே’ என்று மடக்கியதற்கு, ‘ஆமாம், போதும்’ என்று இவர்கள் பதில் சொன்ன மாதிரி இருக்கிறது. சுவரை யாரும் இடிக்கவில்லை, சுற்றிக்கொண்டு போனார்கள். ஆனால் சுற்றிப் போக வழி கிடைத்தது என்பதால் சுவர் இல்லாமல் போய்விடாது.

மனீஷா பஞ்சகத்தை ஒட்டிச் சொல்லப்படும் காசிக் கதையும் இங்கே நினைவுக்கு வருகிறது. எதிரே வந்த சண்டாளனை விலகிப் போகச் சொல்கிறார் சங்கரர். எதை விலகச் சொல்கிறீர்கள், உடம்பையா, உள்ளிருக்கும் அறிவையா என்று அவன் கேட்கிறான். சங்கரர் பணிகிறார். ‘பார்த்தீர்களா, சங்கரர் சாதி பார்க்கவில்லை’ என்று இந்தக் கதையை மேற்கோள் காட்டாத சொற்பொழிவாளர் இல்லை. எனக்கு நெருடுவது கதையின் முடிவு. அந்தச் சண்டாளன் கடைசியில் சிவபெருமானாகிவிடுகிறார். கேள்வி கேட்டவன் கடைசிவரை சண்டாளனாகவே இருந்து, அவன் கேள்விக்காக மட்டுமே சங்கரர் வழிவிட்டிருந்தால் கம்பு கீழே விழுந்திருக்கும். கேட்டது சிவன் என்று தெரிந்த பிறகு வணங்குவதற்கு அத்வைதம் தேவையில்லை.

*

‘அதெல்லாம் பழைய கதை, நவீன அத்வைதம் அன்பைத்தானே போதிக்கிறது’ என்று கேட்கலாம். இதையும் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

பால் டாய்சன் என்ற ஜெர்மானிய அறிஞர் 1893இல் பம்பாயில் ஆற்றிய உரையில், அண்டை வீட்டானை ஏன் நேசிக்க வேண்டும் என்பதற்கான காரணம் ‘நீயே அது’ என்ற உபநிடத வாக்கியத்தில் இருக்கிறது என்றார். அவனும் நீதான், அதனால் நேசி. டாய்சன் ஷோப்பன்ஹவரின் பரம சீடர். 1896இல் விவேகானந்தர் கீல் நகரத்தில் டாய்சனைச் சந்தித்தார், அதே வருடக் கடைசியில் லண்டனில் நடைமுறை வேதாந்தம் பற்றி உரையாற்றினார். ‘நீயே அது’ என்பதிலிருந்து அறத்தைப் பெறும் இந்த வாதம் ஷோப்பன்ஹவர் வழியாக வந்து சேர்ந்தது, பழைய வேதாந்தத்தில் இல்லாதது என்று பால் ஹேக்கர் என்ற இந்தியவியலாளர் பின்னர் எழுதினார். எங்கிருந்து வந்தது என்ற சண்டையில் எனக்கு அக்கறையில்லை. நல்ல யோசனை எந்த ஊரிலிருந்து வந்தால் என்ன? வாதம் நிற்குமா என்பதுதான் கேள்வி.

தனியாக நிற்காது என்று நினைக்கிறேன். ‘அவனும் நீயும் ஒன்று’ என்பதிலிருந்து ‘அவன் வலி உன் வலி’ என்ற முடிவுக்கும் வரலாம். ‘அந்த ஒன்றை எந்த வலியும் தொடாது, அதனால் அவனுக்கும் வலியில்லை’ என்ற முடிவுக்கும் வரலாம். இரண்டு முடிவுக்கும் அத்வைதத்தில் சம உரிமை உண்டு. சாக்கடைக்குள் இறங்கி மூச்சுத் திணறிச் சாகிறவனைப் பார்த்து ஒருவர் பதறிப்போய் ஓடலாம், இன்னொருவர் ஆத்மாவுக்கு மரணமில்லை என்று அமைதியாக உட்காரலாம். இருவருமே தங்களை அத்வைதி என்று சொல்லிக்கொள்ள முடியும். எதைத் தேர்வது என்பதை அத்வைதம் தீர்மானிப்பதில்லை. அந்த மனிதர் ஏற்கெனவே வைத்திருக்கும் மனம் தீர்மானிக்கிறது.

அம்பேத்கர் கேட்டதும் ஏறக்குறைய இதைத்தான். அவர் மறைவுக்குப் பிறகு அச்சான ‘இந்துமதப் புதிர்கள்’ நூலில் ஒரு புதிர் பிரம்மத்தைப் பற்றியது. அத்வைத எதிர்ப்பாளர்கள் பலரும் அதன் முதல் பாதியைக் கவனிப்பதில்லை. எல்லோரும் ஒரே பிரம்மம் என்பது ஜனநாயகத்துக்கு மிக வலுவான அஸ்திவாரமாக இருக்க முடியும், எல்லோரும் கடவுளின் பிள்ளைகள் என்பதைவிடவும் வலுவானது என்கிறார் அவர். அதன் பிறகு கேட்கிறார்: இவ்வளவு நல்ல அஸ்திவாரத்தின் மேல் ஏன் எதுவும் கட்டப்படவில்லை? பிரம்மம் ஏன் தர்மமாகவில்லை? பாராட்டிவிட்டுக் கேட்பதால் இந்தக் கேள்விக்கு வசையைவிட எடை அதிகம்.

கட்டிக் காட்டிய ஒருவர் உண்டு. நாராயண குரு. கோயிலுக்குள் அனுமதி மறுக்கப்பட்ட ஈழவ சமூகத்தில் பிறந்தவர், 1888இல் நெய்யாற்றின் கரையில் அருவிப்புறத்தில் சிவலிங்கம் நிறுவினார். 1927இல் களவங்கோடத்தில் சிலைக்குப் பதிலாக ஒரு கண்ணாடியை வைத்தார். ஆத்மோபதேச சதகமும் தர்சனமாலையும் எழுதிய முழு அத்வைதி அவர். கம்பைக் கீழே போட்ட கை.

ஆனால் சாதியை மறுக்கும்போது அவர் வைத்த வாதம் என்ன என்று பாருங்கள். எல்லாம் பிரம்மம், அதனால் சாதி இல்லை என்று அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. பசுவுக்குப் பசுத்தன்மை போல மனிதனுக்கு மனிதத்தன்மைதான் ஜாதி என்று ஜாதி மீமாம்சையில் வாதிடுகிறார். கூடிப் பிள்ளை பெறுவதெல்லாம் ஓரினம் என்று ஜாதி லட்சணத்தில் சொல்கிறார். இது முழுக்க முழுக்க நடைமுறைத் தளத்து வாதம். உயிரியல் வகுப்பில் சொல்லலாம். கீழ் தளத்தின் பொய்யைக் கீழ் தளத்திலேயே போய் உடைக்க வேண்டும், மேலே நின்று கையசைத்தால் போதாது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

எனக்கு இதிலிருந்து கிடைக்கும் முடிவு இதுதான். அத்வைதம் கழிக்கத் தெரிந்த தத்துவம். ‘நான்’ என்பதில் ஒட்டிக்கொண்ட சாதி, பதவி, வயது எல்லாவற்றையும் அதைப் போலக் கறாராகக் கழிக்கும் இன்னொன்றை நான் படித்ததில்லை. கழித்த பிறகு பக்கத்தில் இருப்பவனுக்கு நான் என்ன செய்ய வேண்டும் என்பதை அதனிடம் கேட்டால் பதில் வராது. அதற்கு வேறு கருவிகள் வேண்டும்: கருணை, சட்டம், உயிரியல், கொஞ்சம் கோபம். அதைக் குறையென்று சொல்ல மாட்டேன், எல்லை என்று சொல்வேன். எல்லையை மறைத்துக்கொண்டு ‘எல்லாவற்றுக்கும் இதிலேயே பதில் இருக்கிறது’ என்று பேசும்போதுதான் குறையாகிறது.

படித்துப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு யோசனை. அத்யாஸ பாஷ்யம் சில பக்கங்கள்தான், ஒரு மாலையில் படித்துவிடலாம். முடித்த கையோடு, நடுவில் எதையும் படிக்காமல், முதல் அத்தியாயம் மூன்றாம் பாதத்துக்குப் போய் 34 முதல் 38 வரை படியுங்கள். இரண்டையும் ஒரே நாளில் படிக்க வேண்டும், அது முக்கியம். முதலாவதில் மயங்கியவர்கள் இரண்டாவதைத் தாண்டிப் போகக்கூடாது. இரண்டாவதில் கொதித்தவர்கள் முதலாவதைத் தூக்கி எறியவும் கூடாது.